பிறப்புரிமை இல்லாத சபை

"நீங்க என்ன ஆளுங்க?"

ஆட்டையாம்பட்டியிலே வாடகைக்கு ஓர் அறை தேடிப் பாருங்கள். ஊர் எது என்று முதலிலே கேட்பார்கள், அது மரியாதை. தொழில் என்ன என்று அடுத்துக் கேட்பார்கள். அது வாடகை ஒழுங்காக வருமா என்ற கவலை. மூன்றாவதாக வரும் இந்தக் கேள்விதான் முடிவைச் சொல்லும் கேள்வி. கைமுறுக்குக்குப் பேர்போன ஊர். தறியின் ஓசை தாலாட்டாக ஒலிக்கும் தெருக்கள். உழைப்புக்கு அஞ்சாத மக்கள். அந்த ஊரைப் பழிக்கவா இதை எழுதுகிறோம்? இல்லை. சேலத்திலும் கேட்கிறார்கள், இராசிபுரத்திலும் கேட்கிறார்கள், திருச்செங்கோட்டிலும் கேட்கிறார்கள். சென்னைப் பட்டணத்திலே 'சைவமா, அசைவமா' என்று நாகரிக முகமூடி மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். கேள்வி ஒன்றே. தாய் வயிற்றிலிருந்து நீ கொண்டுவந்த சீட்டைக் காட்டு என்பதே அதன் பொருள்.

அந்தச் சீட்டைக் கேளாமல் மனிதனைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருக்க முடியுமா? இருந்தால், அதன் வாசலிலே என்னதான் கேட்பார்கள்? இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே, பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதி வாலை அறுத்தெறிந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். 1944 ஆகஸ்டு 27இல், இதே சேலத்திலே, நீதிக்கட்சி திராவிடர் கழகமான அன்று, வெள்ளைக்காரன் சூட்டிய சர் பட்டத்தையும் ராவ்பகதூர் பட்டத்தையும் துறந்து வாருங்கள் என்று சீமான்களைக் கேட்ட அண்ணாவின் தீர்மானத்தைக் கொண்டாடுபவர்கள் நாம். ஆகவே, அதே சேலம் நாமக்கல் சமவெளியிலே, நம்மவர் அதிகம் திரும்பிப் பாராத ஒரு சிறு கூட்டத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது வீண் வேலையாகாது. அது ஒரு கிறிஸ்தவக் கூட்டம். பாப்டிஸ்டுகள் என்பது பெயர்.

"மதத்தாரின் கதை நமக்கெதற்கு?" என்று தோழர் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. தோழரே, நமக்கு முழுக்கிலும் நம்பிக்கையில்லை, மோட்சத்திலும் நம்பிக்கையில்லை. ஆற்றிலே அமிழ்த்தி எடுத்தால் ஆடை நனையும், ஆன்மா நனையாது என்பதே நம் எண்ணம். ஆனால், அந்த ஆற்றங்கரைக்கு வருமுன் அவர்கள் செய்யும் காரியம் இருக்கிறதே, அது நாம் பார்க்க வேண்டிய காரியம்.

சேலம் சீமைக்குப் பாதிரிமார் வந்தது பழைய கதை. 1827இலேயே இலண்டன் மிஷன் சங்கத்தார் சேலத்திலே ஊன்றிவிட்டனர். அவர்கள் கட்டிய சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்து, பேராயர் என்னும் தலைமையின் கீழ் வந்தன. பாப்டிஸ்டுகள் அந்தக் கூட்டிலே சேரவில்லை. 1861இல் இலண்டனில் தோன்றிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷன் என்ற சிறிய சங்கம் சேந்தமங்கலம், நாமக்கல், கொல்லிமலை என்று இந்தப் பக்கத்திலே வேலை செய்தது. பின்னாளில் கிரேஸ் பாப்டிஸ்டு மிஷன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. 'ஸ்டிரிக்ட்' என்றால் கண்டிப்பு. என்ன கண்டிப்பு? தானே அறிந்து, தானே கேட்டு, நீரில் முழுகிச் சபையில் சேர்ந்தவனன்றி வேறெவனும் அவர்களுடைய திருவிருந்தில் கை நனைக்கக் கூடாது என்ற கண்டிப்பு. கேட்பதற்குக் குறுகிய புத்தியாகத் தோன்றும். அதிலே ஓரளவு குறுகல் உண்டுதான். ஆயினும் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்: பிறப்பினால் எவனுக்கும் அங்கே இடம் இல்லை.

முறை இதுதான். தறிக்கூலிக்குப் போகும் இளைஞன் ஒருவன் சேர விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொடுத்தவுடன் சேர்த்துவிட மாட்டார்கள். போதகரோ, சபையார் அனுப்பும் இருவரோ அவன் வீட்டுக்குப் போவார்கள், அமர்ந்து பேசுவார்கள். எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய், யாராவது தூண்டினார்களா, எதையாவது எதிர்பார்த்து வருகிறாயா என்று விசாரிப்பார்கள். பிறகு அவன் சபைக் கூட்டத்தின் முன்னே நிற்க வேண்டும். ஞாயிறு வழிபாடு வேறு, சபைக் கூட்டம் வேறு. சபைக் கூட்டம் என்பது உறுப்பினர்கள் மட்டும் அமர்ந்து கணக்குப் பார்க்கும், வழக்குத் தீர்க்கும், ஆளைச் சேர்க்கும் கூட்டம். அங்கே தன் கதையைத் தன் வாயால் அவன் சொல்ல வேண்டும். 'சாட்சி' என்று அதற்குப் பெயர். எழுத்தறியாதவனும் சொல்லலாம், நாத் தடுமாறினாலும் பொறுத்துக் கேட்பார்கள். எவரும் கேள்வி கேட்கலாம். கேட்டு முடிந்ததும், "தம்பி, சற்று வெளியே இரு" என்பார்கள். கதவு சாத்தப்படும். உள்ளே ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைகள் உயரும். போதகருக்கும் ஒரு கைதான். கூலிக்காரிக்கும் ஒரு கைதான். பெண்களுக்கு அந்தக் கையை மறுத்த சபைகளும் வரலாற்றில் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏற்றுக்கொண்டால் முழுக்கு, அதன்பின் சபையின் சார்பிலே வலக்கை கொடுத்து வரவேற்பு, அதன்பின் திருவிருந்து.

போதகரின் மகனாயிற்றே, அவனுக்கு என்ன விசாரணை என்கிறீர்களா? அவனுக்கும் அதே வாசல், அதே விசாரணை, அதே திண்ணை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் அடியோடு மறுப்பதன் பொருள் இதுவே. தகப்பன் உறுப்பினன் என்பதற்காக மகன் உறுப்பினனாக மாட்டான்.

சேர்ப்பது போலவே நடத்துவதும். போதகரை மேலிருந்து ஒருவர் நியமித்து அனுப்புவதில்லை. சபை கேட்டு, ஆய்ந்து, வாக்களித்து அழைக்கிறது. வேண்டாமென்றால் வாக்களித்து அனுப்பிவிடுகிறது. உதவிக்காரர்களைச் சபையே தேர்ந்தெடுக்கிறது. காணிக்கைக் கணக்கைச் சபையின் முன்னே படித்தாக வேண்டும். ஓர் உறுப்பினன் தவறினால் முதலில் தனியே சென்று சொல்வது. கேளாவிட்டால் இருவரை அழைத்துச் சென்று சொல்வது. அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல்வது. விலக்குவதும் சபையின் வாக்கால், திரும்பச் சேர்ப்பதும் சபையின் வாக்கால். வேறு ஊருக்குக் குடிபோகிறவன் மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போவான். அங்குள்ள சபை அதைப் படித்து, தானும் வாக்கெடுத்துத்தான் சேர்க்கும். ஒரு சபையின் முடிவு மற்றொரு சபையைக் கட்டாது. மேலே பேராயம் இல்லை, பீடம் இல்லை, போப்பு இல்லை.

நம் சாதிப் பஞ்சாயத்தும் விலக்குகிறதே, அபராதம் போடுகிறதே என்பார் சிலர். போடுகிறது. ஆனால், அந்தப் பஞ்சாயத்திலே நான் எப்போது சேர்ந்தேன்? எந்தத் தாளிலே கையெழுத்திட்டேன்? சேராத கூட்டம் என்னை விலக்குகிறது. கேளாத கட்டுப்பாடு என் கழுத்தை நெரிக்கிறது. தானாகச் சேர்ந்தவனைக் கேள்வி கேட்பது ஒழுங்கு. பிறந்த குற்றத்துக்காக ஒருவனைக் கேள்வி கேட்பதை ஆதிக்கம் என்பதன்றி வேறென்ன சொல்வது?

இந்த முறை எங்கே முளைத்தது? அரச அவையிலா? அல்ல. இங்கிலாந்திலே, அரசனே திருச்சபைக்கும் தலைவன் என்றிருந்த காலம். அந்நாட்டிலே பிறந்தவனெல்லாம் அந்தச் சபைக்காரன், பிறந்தவுடன் நெற்றியிலே நீர் தெளிக்கப்படும், மறுத்தால் சிறை. அதற்கு அடங்காத சிலர் கடல் கடந்து ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனார்கள். 1609இல் அங்கே ஜான் ஸ்மித் என்பவர், குழந்தைப் பருவத்திலே தெளிக்கப்பட்ட நீர் செல்லாது என்று சொல்லி, தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்! தகுதியுள்ள குருவைத் தேடி அலையாமல் தன் கையாலேயே தொடங்கிய துணிச்சல் அது. அவருடைய கூட்டாளி தாமஸ் ஹெல்விஸ் அந்நிய நாட்டிலே பாதுகாப்பாக ஒளிந்திருக்க விரும்பவில்லை. 1612இல் தாயகம் திரும்பி, இலண்டனை அடுத்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்னும் இடத்திலே இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்டு சபையைக் கூட்டினார். அரசன் ஜேம்சுக்கு ஒரு நூலும் எழுதினார். நீ மண்ணிலே மடியும் மனிதன். எங்கள் உயிரின் மீது உனக்கு அதிகாரம் இல்லை. துருக்கனாயினும் யூதனாயினும் எவனையும் அவன் நம்பிக்கைக்காகத் தண்டிக்க உனக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். அரசன் விடுவானா? நியூகேட் சிறை. ஹெல்விஸ் அங்கிருந்து உயிரோடு மீளவில்லை.

பாத்திரங்களின் ஓட்டை அடைத்துப் பிழைத்த ஜான் பன்யனைத் தமிழர் அறிவர். அவருடைய நூலைத் தழுவித்தான் நெல்லைச் சீமையின் கிருட்டிணப் பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடி 1894இல் வெளியிட்டார். அரசின் அனுமதியின்றிப் பேசிய குற்றத்துக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பன்யன் சிறையிலே கிடந்தார். விடுதலை வருவதற்கு முன்பே, கைதியாக இருந்தபோதே, பெட்ஃபோர்டுச் சபையார் கூடி அவரைத் தங்கள் போதகராகத் தேர்ந்தெடுத்துவிட்டனர். சிறைக் கதவுக்குச் சாவி அரசனிடம். சபைக் கதவுக்குச் சாவி சபையாரிடம்!

அந்தச் சாவியை அவர்கள் எவ்வளவு கண்டிப்பாகக் கையாண்டார்கள் என்பதற்கு வில்லியம் கேரியின் கதை போதும். கேரி பின்னாளில் வங்கத்தின் சீராம்பூரிலே அச்சகமும் கல்லூரியும் கண்டவர். இந்திய மொழிகள் பலவற்றை அச்சேற்றியவர். தொடக்கத்தில் அவர் செருப்புத் தைத்தவர். ஆங்கிலப் பத்திரிகையிலே சிட்னி ஸ்மித் என்ற பாதிரியார், இந்தச் சக்கிலியக் கூட்டமா இந்தியாவைத் திருத்தப் போகிறது என்ற போக்கிலே ஏளனம் செய்தார். குலத்தைச் சொல்லிப் பழிக்கும் புத்தி கடல் கடந்தாலும் மாறுவதில்லை! அந்தக் கேரி, 1785இல், ஓல்னி என்ற சிற்றூரின் சபையார் முன்னே போதகராகும் விருப்பத்தோடு நின்று பேசினார். எளிய மக்கள் நிறைந்த சபை அது. கேட்டார்கள். திருப்தியில்லை. இன்னும் பேசிப் பழகட்டும், பிறகு பார்ப்போம் என்று முடிவு கட்டினார்கள். ஓராண்டுக்கு மேல் காக்க வைத்து, 1786 ஆகஸ்டிலேதான் சம்மதம் தந்தார்கள். உலகம் போற்றப் போகும் ஒருவரை ஓர் ஊரின் எளிய மக்கள் நிறுத்தி வைத்தார்கள்; அவரும் நின்றார். நம் மடங்களிலே அடுத்த பட்டத்துக்கு யார் என்பதை அடியார் கூட்டம் வாக்கெடுத்து முடிவு செய்யும் காட்சியைக் கற்பனை செய்து பார்க்கவாவது முடிகிறதா?

கேரி வங்கத்துக்கு வந்த பிறகுதான் இந்த முறை சாதி என்னும் பாறையிலே மோதியது. சபை 1800இல் சீராம்பூரிலே அமைந்தது. ஏழு ஆண்டு உழைத்தும் உள்நாட்டார் ஒருவரும் முழுக்குப் பெறவில்லை. கிருஷ்ணபால் என்ற தச்சர், கை மூட்டு நழுவியபோது மிஷன் வைத்தியரிடம் வந்தார், பழகினார், சேர விரும்பினார். 1800 டிசம்பர் 22 அன்று அவரும் கோகுல் என்ற நண்பரும் செய்த காரியம் என்ன? எல்லோரும் அறிய, வெள்ளைக்காரரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்கள். அன்று மாலையே சபையின் முன் அவர்கள் சாட்சி சொன்னார்கள். கிருஷ்ணபாலின் மனைவியும் மனைவியின் தங்கையும்கூடச் சொன்னார்கள். பெண்கள் சபை நடுவே நின்று தம் மனத்தைத் தாமே திறந்து பேசினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தி பரவியது. கூட்டம் திரண்டது. கிருஷ்ணபாலை டேனிஷ் நீதிபதியின் முன்னே இழுத்துப் போனார்கள். என்ன குற்றம்? களவா, கொலையா? சோறு தின்ற குற்றம்! நீதிபதி அவரை விடுவித்தார். டிசம்பர் 28இல் ஊக்ளி ஆற்றிலே அவருக்கு முழுக்கு நடந்தது.

நாளைக் கவனியுங்கள். சோறு 22இல், நீர் 28இல். நீருக்கு முன்னே சோறு! ஊர் கொதித்தது நீரைக் கண்டா? தினந்தோறும் ஆயிரம் பேர் அந்த ஆற்றிலே முழுகுகிறார்கள். கொதித்தது சோற்றைக் கண்டு. உள்ளே வருகிறவன் எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதை அந்த மேசை சொல்லிவிட்டது. பின்னர் பார்ப்பனராகிய கிருஷ்ணபிரசாத் என்ற இளைஞர் சேர்ந்தபோது, அதே கிண்ணத்திலே, தச்சர் குடித்த பிறகு அவர் வாங்கிக் குடித்தார். 1803இல் அந்தத் தச்சரின் மகளையே மணந்தார். மணமகன் பார்ப்பனர், மணமகள் தச்சர் மகள், மண ஒப்பந்தத்துக்குச் சாட்சி சபையார்! அவ்வாண்டிலேயே கோகுல் இறந்தபோது, சவப்பெட்டியைத் தூக்கியவர்களிலே வெள்ளையரும் இருந்தனர், பார்ப்பனராகப் பிறந்தவரும் இருந்தனர், இசுலாமியராகப் பிறந்தவரும் இருந்தனர். பிணத்தைத் தொடுவது தீட்டு, பிற சாதிப் பிணத்தைத் தொடுவது பெருந்தீட்டு என்றிருந்த ஊரிலே நடந்தது இது.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1924, 1925இல், சேரன்மாதேவி குருகுலத்திலே நாம் கண்டது என்ன? தேசியக் கல்வி, தேசிய நிதி, தேசபக்தர் நடத்தும் பள்ளி. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! பெரியாரும் வரதராசுலுவும் கேட்டது பெரிய வேதாந்தமா? ஒரே பந்தி கேட்டார்கள். அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

கிறிஸ்தவரெல்லாம் இப்படியே நடந்தார்கள் என்று எண்ணி ஏமாற வேண்டாம். தஞ்சையிலே, வேப்பேரியிலே, திருச்சியிலே பழைய சபைகளில் சாதிக்கொரு பக்கம் அமர்ந்தார்கள். பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியைச் சபைக்குள்ளிருந்து ஒழித்தே தீர வேண்டுமென்று எழுதியபோது, வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலிலே சாதிக்கிடையே சுவரே எழுப்பி வைத்திருந்தார்கள். 1910இலேதான் அது இடிந்தது. இந்தச் சபைகளுக்கும் அந்த மேசைக்கும் என்ன வேறுபாடு? நம்பிக்கையிலே பெரிய வேறுபாடு இல்லை, வாசலிலே இருக்கிறது. குடும்பம் குடும்பமாக, குலம் குலமாக உள்ளே வந்தார்கள். பிறந்த பிள்ளையைப் பிறந்தவுடன் சேர்த்தார்கள். பிள்ளையோடு குலமும் தொட்டிலிலே படுத்து உள்ளே வந்துவிட்டது. ஒவ்வொருவனையும் தனியே நிறுத்தி, தன் வாயால் பேசச் சொல்லும் வாசலிலே குலம் நுழைவது சற்றுக் கடினம்.

'சபை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்க மொழியிலே குடிமக்கள் கூட்டத்தைக் குறித்த சொல்லுக்குத் தமிழ் வேதாகமத்தார் இட்ட பெயர் சபை. அந்த வடசொல் நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டிலே இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். முப்பது குடும்பு, குடவோலை, சிறுவன் கைவிட்டு எடுக்கும் ஓலை, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர்! கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமின்றி அவன் உறவினனுக்கும் இடமில்லை என்ற விதியைப் படிக்கும்போது, இன்றைய ஊராட்சிகளை எண்ணிப் பெருமூச்சும் வருகிறது. ஆனால், அந்தக் குடத்திலே யார் பெயர் விழுந்தது? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையிலே வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், மந்திர பிராமண அறிவும் உடையவன் பெயர். அது பிரமதேயத்துச் சபை. அந்த ஊரின் ஏரிக்கரையை வெட்டி உயர்த்தியவன் பெயர் அந்தக் குடத்திலே இல்லை. தமிழனின் தேர்தல் முறை என்று மேடையிலே முழங்குவோர் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்குப் பின், அதே சொல்லைப் பெயராகக் கொண்ட வேறொரு கூட்டத்திலே, நிலமற்றவனும் மந்திரமறியாதவனும் கை உயர்த்துகிறான். சொல் ஒன்று, வாசல் வேறு.

இத்தனையும் சொல்லிவிட்டு, இந்த முறையின் ஓட்டைகளை மூடி மறைத்தால் அது புரோகிதர் வேலையாகிவிடும்.

முதல் ஓட்டை: கைகளை எண்ணுவதால் மட்டும் நீதி பிறந்துவிடாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே பாப்டிஸ்டுகள் அடிமைகளை வைத்திருந்தார்கள். அடிமை முதலாளியை மிஷனரியாக அனுப்பலாமா என்ற வழக்கிலே வடக்கோடு பிணங்கி, 1845இல் தெற்கத்தியர் தனி மாநாடே அமைத்தனர். ஒவ்வொரு சபையும் தன் முடிவைத் தானே செய்யும் உரிமை, அநீதியைத் தானே முடிவு செய்யும் உரிமையாகவும் மாறியது. மேலே தட்டிக் கேட்க ஆளில்லை! அதே முறையிலேதான் கறுப்பு மக்கள் தங்களுக்கென்று சபைகள் கட்டினார்கள். வெள்ளையனைக் கேளாமல் தம் தலைவனைத் தாமே தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வாய்த்த அரிய இடமாக அவை அமைந்தன. 1954இல் மாண்ட்கோமரி நகரின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்டு சபை வாக்களித்து அழைத்த இருபத்தைந்து வயது இளைஞர்தான் மார்ட்டின் லூதர் கிங். மறு ஆண்டு டிசம்பரிலே பேருந்துப் புறக்கணிப்பு வெடித்தது. 1959இல் அவர் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்திலே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளியொன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார்களாம். முதலில் அதிர்ந்து, பிறகு ஆம் என்று ஒப்புக்கொண்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது ஓட்டை நம் பக்கத்தது. ஓங்கோலிலே அமெரிக்கப் பாப்டிஸ்டான ஜான் கிளஃப், தோல் தொழில் செய்த மாதிகா மக்களிடையே உழைத்தார். 1876 முதல் 1878 வரை நாட்டைத் தின்ற தாது வருடப் பஞ்சத்திலே, பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை ஒப்பந்தமெடுத்துப் பசித்தவருக்கு வேலை கொடுத்தார். அந்தக் காலத்திலே, சேர வேண்டும் என்று வந்தவர்களை அவர் சேர்க்கவில்லை. கஞ்சிக்காக வருகிறார்கள் என்ற பழி கூடாது என்று பதினைந்து மாதம் வாசலைச் சாத்தியே வைத்தார். பஞ்சம் தணிந்த பின் திறந்தார். 1878 ஜூலை 3 ஒரே நாளிலே 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றிலே முழுக்குப் பெற்றனர். வாசலைச் சாத்திய கண்ணியம் பாராட்டத்தக்கது. ஆனால், ஒரு நாளில் 2,222 பேர் என்றால், தனியே நிறுத்தி, சாட்சி கேட்டு, வெளியே அனுப்பி, கைகளை எண்ணும் முறை எங்கே போயிற்று? சேரியே திரண்டு வந்தது, சேரியே சபையாயிற்று. செத்த மாட்டைத் தின்ன மாட்டோம், சாமி ஊர்வலத்துக்குப் பறையடிக்க மாட்டோம் என்று அந்த மக்கள் நிமிர்ந்தது பெரிய காரியம். அதற்காக ஊரார் கொடுத்த தொல்லையையும் தாங்கினார்கள். எனினும், ஒரே சாதியார் நிறைந்த சபையிலே, ஒரே பந்தி என்பது சோதனையே அல்ல. மறுசாதிக்காரன் பக்கத்திலே அமரும் நாளிலேதான் சோதனை. நம் சேலம் நாமக்கல் சிற்றூர்களுக்கும் இது பொருந்தும். ஊர்த் தெருவிலே இருப்பவன் சேரிச் சபைக்கு வருவதில்லை. வாசல் திறந்திருந்து என்ன பயன்?

மூன்றாவது, பணம். போதகரைச் சபை தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் இலண்டனிலிருந்து வந்தால் யார் எசமானர்? கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். ஜெசி பிராண்டு என்ற ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு 1913இல் மணம் முடித்த கையோடு மனைவி எவலினை அழைத்துக்கொண்டு மலையேறினார். காய்ச்சல் காடு அது. மருந்து கொடுத்தார்கள், மரவேலை கற்பித்தார்கள், பள்ளி வைத்தார்கள். ஆண்டுகள் ஓடின, சபையிலே சேர ஒருவரும் இல்லை. சேர்ந்தால் மலையிலே வாழ விடமாட்டோம் என்று சாமி பூசாரி தடுத்தார். 1918இன் விஷக்காய்ச்சல் மலையைச் சூறையாடியபோது, தம்மவர் கிட்டே வரவும் அஞ்சிய வேளையிலே, சாகக் கிடந்த அதே பூசாரி தம் குழந்தைகளை இந்தத் தம்பதியிடம் ஒப்படைத்தார். அதன் பிறகே மலையில் சபை முளைத்தது. ஐந்தாண்டில் 2,222 பேரைத் தேடாமல், ஒரு மனம் திறக்க ஐந்தாண்டு காத்திருந்தார்கள். 1929இலே ஜெசி பிராண்டு கருநீர்க் காய்ச்சலில் மறைந்தார். எவலின் வேறு ஊர்களில் உழைத்து, அறுபத்தெட்டு வயதிலே மீண்டும் மலைக்குப் போகிறேன் என்றபோது, தலைமைக் குழு வயதைக் காட்டி மறுத்தது. அம்மையார் மிஷனிலிருந்து ஓய்வு பெற்று, தம் விருப்பத்திலே, தம் செலவிலே மலையேறிவிட்டார்! 1974இலே, தொண்ணூற்றைந்தாம் வயதில் மறையும் வரை மலையூர்களிலே உழைத்தார். மலைமக்களை யாரும் கேட்டிருந்தால் எத்தனை கைகள் உயர்ந்திருக்கும்? கேட்கவில்லை. குழு இருந்தது இலண்டனிலே.

இப்போது நான்காவதற்கு வருவோம். இது அவர்கள் வைத்த ஓட்டை அல்ல, அரசு வைத்தது.

நாம் முன்னே திண்ணையில் உட்கார வைத்த இளைஞன் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை என்று கொள்வோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, அட்டவணைச் சாதிப் பட்டியலிலே இடம் இந்துவுக்கு மட்டுமே. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு சாத்தியே இருக்கிறது. தமிழ்நாட்டிலே மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். 2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடும் அவனுக்கு இல்லை. தெருக்காரன் அவனைப் பார்க்கும் பார்வை மாறிற்றா? வாடகை வீட்டிலே கேட்கும் கேள்வி மாறிற்றா? எதுவும் மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது!

2024 நவம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலே தீர்ப்புச் சொன்னது. கோயிலுக்குத் தொடர்ந்து போய்வரும் கிறிஸ்தவர், வேலைக்காக மட்டும் இந்து என்று கூறி அட்டவணைச் சாதிச் சான்று கேட்பது அரசியல் சட்டத்தை ஏய்ப்பதாகும் என்றது. அவருக்கு எதிராக எண்ணப்பட்ட சான்றுகளிலே, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் ஒன்று. குழந்தைக்குக் கொடுத்த நீர் செல்லாது என்று ஜான் ஸ்மித் சொல்லி நானூறு ஆண்டு ஆயிற்று. நம் நாட்டு ஏட்டிலே அது செல்லுகிறது. தானறிந்து சேர்ந்தவனுக்கும், தாய் மடியில் சேர்க்கப்பட்டவருக்கும் ஒரே தண்டனை. சாதியோ அவ்விருவரையும் விட்டபாடில்லை.

ஆகவே சிற்றூர்ச் சபைகளிலே ஒரு புதிய வகை மனிதர் தோன்றியிருக்கிறார். ஞாயிறுதோறும் வருவார், பாடுவார், காணிக்கை போடுவார், முழுக்குக்கு மட்டும் பெயர் கொடுக்கமாட்டார். ஏட்டிலே பெயர் இல்லை. ஆகவே திருவிருந்து இல்லை. சபைக் கூட்டத்திலே கையும் இல்லை. கண்டிப்பான சபைக்கு அவர் வெளியார்; அக்கம்பக்கத்தாருக்கு அவர் கிறிஸ்தவர்; வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர் இந்து. பிறப்பைக் கேளாத வாசலுக்கு வந்தவனைப் பிறப்புச் சான்றிதழைக் காட்டியே பின்னுக்கு இழுக்கும் வித்தை இது. இந்த ஆணை மாறாத வரையில் அந்தச் சபையின் வாக்கு முழு வாக்கல்ல. வாக்களிக்க வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் பின் வரிசையிலே பெயரின்றி அமர்ந்திருக்கிறார்கள்.

உள்ளே முன்மொழிந்தாயிற்று, வழிமொழிந்தாயிற்று, கைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே திண்ணையிலே அந்தத் தறிக்கூலி இளைஞன், தங்கையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு எந்தச் சான்றிதழை வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.